பழைய ஒயின் எல்லாம் நல்ல ஒயினா?

பிரெஞ்சு நாட்டு ஒயின் பழசாகப் பழசாகத்தான் உயர்ந்தது என்று ஓர் எண்ணம் உலகமெங்கும் பரவியிருக்கிறது. இது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிப் பணத்தைக் கொட்டி, பல வருஷம் காத்திருந்து புட்டியைத் திறக்கிறவருக்குப் பல சமயங்களில் கிடைப்பது சாரமிழந்த தண்ணீர்தான்.

பிரான்சில் உற்பத்தியாகும் ஒயினில் பெரும் பகுதி, சில வருஷங்களுக்குள் குடித்துவிடுவதற்காகவே செய்யப்படுகிறது. போஜொலே வட்டாரத்துப் புது ஒயினைப் பாருங்கள். அறுவடையான திராட்சை, அதே வருஷம் நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை ஒயினாகிக் கடைக்கு வந்துவிடுகிறது. அதன் அழகே இளமைதான். அதைப் பத்து வருஷம் நிலவறையில் வைப்பது, மல்லிகைப் பூவைப் பெட்டியில் பூட்டி அடுத்த மாதம் சூட நினைப்பது போன்றது.

எது நிலைக்கும்?

ஒயினை நெடுநாள் தாங்குபவை துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு ஆகியவை. போர்தோவின் மெதோக் பகுதியில் விளையும் கபெர்னே சோவிஞான் திராட்சையின் தோலிலும் விதையிலும் துவர்ப்பு மிகுதி. அதன் ஒயின் இளமையில் நாக்கைப் பிடிக்கும். வருஷங்கள் செல்லச் செல்லத் துவர்ப்பில் ஒரு பகுதி வண்டலாகப் படிந்து, சுவை மென்மையாகும். சோத்தேர்ன் இனிப்பு ஒயினோ, ஒருவகைப் பூஞ்சை படர்ந்து சுண்டிய திராட்சையில் பிழிவது. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து அதைப் பல பத்தாண்டுகள் காக்கின்றன.

இவற்றுக்கும் நல்ல இடம் வேண்டும். 12, 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி, இருட்டு, ஆட்டமில்லாத தரை. தக்கை உலர்ந்து போகாமல் புட்டியைப் படுக்க வைக்க வேண்டும். வெக்கை வீசும் அலமாரியில் எந்த ஒயினும் தேறாது.

பட்டியலும் நாக்கும்

1855-ம் வருஷப் பாரிஸ் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் விருப்பப்படி, போர்தோ தரகர்கள் சிவப்பு ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது அன்றைய விலையை. பிறகு ஒரு தோட்டம் முதல் வகுப்புக்கு உயர்ந்தது ஒரே முறைதான். 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்ட். ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்திய விலைப்பட்டியல் இன்றைய ருசிக்கு எப்படி உத்தரவாதமாகும்?

1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி பெயரை மறைத்து ஒரு சோதனை வைத்தார். பிரெஞ்சு நிபுணர்களே நடுவர்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று! "பிரெஞ்சு ஒயினின் பெருமை பழகினால்தான் தெரியும்" என்று சமாதானம் சொன்னார்கள். 30 வருஷம் கழித்து, 2006-ல், அதே சிவப்பு ஒயின்களை மறுபடி சோதித்தபோதும் கலிபோர்னியாவே வென்றது. பெயர் தோற்றது, நாக்கு ஜெயித்தது.

ஆகவே புட்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எவ்வளவு பழசு?" என்பதல்ல, "இதை எப்போது குடிக்கப் போகிறோம்?" என்பதே. ஒரு டஜன் வாங்கினால், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பதே புத்திசாலித்தனம். கடைசிப் புட்டி வரை சுபதினத்துக்காகக் காத்திருப்பதில் லாபமில்லை. ஒயினுக்கும் பருவம் உண்டு. பருவம் தப்பினால், எவ்வளவு பெரிய பெயரும் அதைக் காப்பாற்றாது.