விண்ணிலிருந்து ஒரு சேதி

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து இராஜபாளையத்துக் கோயில் முற்றத்தில் நாம் நின்றிருந்தபோது, நூற்பாலையில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம்மை அணுகினார். அவர் கையில் ஒரு துண்டுத்தாள். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் விரவிய ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. "ஐயா, இந்தச் சொல்லுக்காக என் மகன் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை இழந்தான். இது ஒன்றுக்கும் உதவாது என்கிறார்கள். இப்படியொரு சொல் உலகத்தில் உண்டா, இல்லையா?" என்று வினவினார்.

நடந்தது இது. பெரியவரின் மனைவிக்கு மதுரை மருத்துவமனை ஒன்றில் இருதய அறுவை சிகிச்சை. மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் செவிலியர். சேதி கேட்டதும் புறப்பட்டுவிட்டாள். சிங்கப்பூர் வரையில் ஏழரை மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு மேலும் நான்கு மணி நேரம். தாயார் அறுவைக் கூடத்தில் இருக்கும் அதே வேளையில் மகள் கடலுக்கு மேலே! விமானத்தில் இணைய வசதி உண்டு, ஆனால் கட்டணம் உண்டோ என்னவோ என்று அவள் கூற, ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி, "அக்கா, நான் இலவசக் குறியீடு தேடித் தருகிறேன்" என்று ஏற்றுக்கொண்டான். தேடினான், பறிகொடுத்தான். குறியீடோ விமானத்தில் செல்லவில்லை. தாய் கண் விழித்த செய்தியை, தரையிறங்கிய பிறகே மகள் அறிந்தாள்.

பெரியவரின் வினாவுக்கு விடை, அத்தகைய சொற்கள் உண்டு என்பதே. 'புரமோ கோடு' என்றும் 'கூப்பன்' என்றும் வழங்கும் சலுகைக் குறியீடுகள் உண்மையானவை. ஆனால் அவை பிறக்கும் இடம் வேறு, தம்பி தேடிய இடம் வேறு.

முதலில், வானில் இணையம் ஏன் விலையுயர்ந்த பண்டமாயிற்று என்று அறிதல் நன்று. நம் ஊர்களில் கோபுரம் நட்டுக் கைப்பேசிக்கு அலை அனுப்புகிறார்கள். கடல் நடுவே கோபுரம் ஏது? ஆகவே விமானத்தின் முதுகில் பொருத்திய வாங்கி, செயற்கைக்கோளோடு பேச வேண்டும். பழைய முறையில் அக்கோள் பூமிக்கு 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி போய் விடை வருவதற்கே ஏறத்தாழ அரை விநாடி கழிகிறது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் கோள்களைக் கத்தார் நிறுவனம் 2024 அக்டோபர் முதல் தன் விமானங்களில் பயன்படுத்தத் தொடங்கியதும், அதனைப் பயணிகளுக்கு இலவசமாகவே வழங்கியதும் வேகத்தில் பெரிய மாற்றம். இத்துறையில் முன்னோடி போயிங் நிறுவனம். 2004-ல் லுஃப்தான்சா விமானங்களில் தொடங்கிய அதன் சேவையில் போதிய வருவாய் இல்லையென்று 2006-லேயே கடையைக் கட்டினார்கள்.

நம் நாட்டில் இதற்கான விதிகள் 2018 டிசம்பரில் வெளிவந்தன. விமானம் 3,000 மீட்டர் உயரம் கடந்த பின்னரே இணையம் திறக்கலாம் என்பது விதி. விஸ்தாரா நிறுவனம் 2020-ல் இந்திய நிறுவனங்களுள் முதலாவதாக இதனை அளித்தது. 2024 ஜூலையில் தன் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இருபது நிமிடம் இலவசம் என்றது. (அந்நிறுவனம் அவ்வாண்டு நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது.) ஏர் இந்தியாவும் 2025 ஜனவரி முதல் உள்நாட்டுத் தடங்களில் ஏர்பஸ் ஏ350, போயிங் 787-9, ஏ321 நியோ வகையில் சில ஆகியவற்றில் அறிமுகச் சலுகையாகக் கட்டணமின்றி வழங்கலாயிற்று. எனினும் எல்லா விமானத்திலும் இவ்வசதி இருக்குமென்று எண்ணிவிடலாகாது. மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்லும் சிறு விமானத்தில் குறியீடு தேடுவது, கிணறில்லாத தோட்டத்தில் வாளி தேடுவது போலாகும்.

அந்த இருபது நிமிட இலவசத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பால்கோவாக் கடைக்காரர் ஒரு விள்ளல் கிள்ளி உள்ளங்கையில் வைப்பதில்லையா, அதுவேதான்! சலுகைக் குறியீட்டின் தத்துவமும் இதுவே. வாடிக்கையாளரை இழுக்க நிறுவனமே கொடுப்பது. ஆகையால் கொடுப்பவரிடமே கேட்க வேண்டும். விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேருவதே முதல் வழி; சேர்வதற்குக் காசில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023 ஜூலை முதல் தன் கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர் அனைவர்க்கும், சாதாரண வகுப்பினர் உட்பட, அளவில்லா இணையத்தை இலவசமாக்கியது. அங்கே குறியீடே தேவையில்லை, உறுப்பினர் எண்ணே சாவி. அமெரிக்காவின் டெல்டா நிறுவனமும் 2023-ல் இவ்வழியே சென்றது. மற்ற நிறுவனங்கள் பயணச்சீட்டோடு வரும் மின்னஞ்சலிலோ, வங்கி அட்டையின் சலுகையாகவோ குறியீட்டை அனுப்புவதுண்டு. செய்தி மட்டும் அனுப்பும் சிறு திட்டத்தைச் சில நிறுவனங்கள் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வீட்டுக்கு ஒரு வரி எழுத அது போதாதா?

கைப்பேசி நிறுவனங்களின் வழி தனி. ஜியோ 2020-ல் நாளொன்றுக்கு ரூ. 499 முதல் விமானத் திட்டங்களை அறிவித்தது. ஏர்டெல் 2024-ல் ரூ. 195 முதல் கொடுத்தது. விலை அவ்வப்போது மாறும். இவை ஒப்பந்தமுள்ள விமானங்களில் மட்டுமே செல்லும் என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும்.

குறியீடு கிடைத்தபின் பயன்படுத்துவது எளிது. கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறந்து, விமானத்தின் இணைப்பைத் தேர்ந்தால் ஒரு பக்கம் தோன்றும். அங்குள்ள கட்டத்தில் குறியீட்டை இட வேண்டும். பெரும்பாலும் ஒரு கருவிக்கு ஒருமுறை, குறித்த நாளுக்குள், குறித்த திட்டத்துக்கு மட்டுமே அது செல்லுபடியாகும். ஆனால் நம்மவர் பலர் தடுக்கி விழும் இடம் வேறொன்று. உறுப்பினராகப் பதிவதற்கோ பணம் செலுத்துவதற்கோ ஓ.டி.பி. எண் கேட்பார்கள். அது குறுஞ்செய்தியாக வரும். வானத்தில் குறுஞ்செய்தி எப்படி வரும்? ஆகவே பதிவு, கடவுச்சொல், கட்டணம் யாவற்றையும் வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிட்டுப் பெட்டி கட்டுவதே அறிவுடைமை.

இனித் தம்பியின் கதை. அவன் தேடியபோது குறியீடுகளைக் குவித்து வைத்திருந்த பக்கங்கள் பல வந்தன. பெரும்பாலானவை காலங்கடந்தவை. ஒன்று மட்டும், "சரிபார்ப்புக் கட்டணம் பத்து ரூபாய்" என்று கேட்டு, அட்டை எண்ணையும் வாங்கிக்கொண்டது. ஓ.டி.பி. வந்தது, இட்டான். "தவறிவிட்டது, மீண்டும்" என்றது, மீண்டும் இட்டான். இரண்டாம் செய்தியிலேயே ரூ. 18,500 என்று தொகை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆறு எண்களைப் பார்த்த கண், அதன் மேல் வரியைப் பார்க்கவில்லை. தாயார் மருத்துவமனையில் இருக்கும் பிள்ளையின் கண் அது. நாம் குறை கூறத் துணியோம். ஆனால் அவன் வெட்கத்தால் மூன்று நாள் வாய் திறக்கவில்லை என்பதுதான் நம்மை வருத்தியது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்திருந்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்பிருந்தது. ஏமாந்த பிள்ளையை வீட்டில் ஏசுவோம் என்ற அச்சமே திருடனுக்கு அந்த மூன்று நாளைத் தந்தது.

வானிலும் வலை விரிப்பவர் உண்டு. விமான நிலையங்களிலும் விமானத்திலும் போலி வைஃபை இணைப்பு அமைத்துப் பயணிகளின் கடவுச்சொற்களைத் திரட்டியதாக ஒருவர்மீது ஆஸ்திரேலியக் காவல்துறை 2024-ல் வழக்குத் தொடுத்தது. இணைப்பின் பெயரை விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டு உறுதிசெய்வதில் வெட்கம் என்ன?

பெரியவர் இன்னொன்றும் கேட்டார். நண்பர் ஒருவர் தம் அலுவலகத்துக்குக் கிடைத்த குறியீட்டைத் தருவதாகச் சொல்கிறாராம், வாங்கலாமா? வேண்டாம் என்றோம். ஒருவர் பெயருக்கு அளித்த சீட்டில் மற்றொருவர் பயணம் செய்வது பேருந்தில் தவறென்றால் வானத்திலும் தவறுதான். அவர் சிரித்துவிட்டு, "நானும் அதையேதான் சொன்னேன், மகன்தான் கேட்கச் சொன்னான்" என்றார்.

தாயார் வீடு திரும்பிவிட்டார். மகளும் சென்ற வாரம் மெல்போர்னுக்குப் புறப்பட்டாள். புறப்படுவதற்கு முந்தைய நாள், அக்காளும் தம்பியும் கூடத்தில் அமர்ந்து உறுப்பினர் பதிவை முடித்தார்கள், ஓ.டி.பி. செய்தியை இம்முறை தம்பி உரக்கப் படித்தானாம், முழுவதுமாக. அன்றிரவு இரண்டு மணிக்குப் பெரியவரின் கைப்பேசி ஒலித்தது. "அப்பா, அம்மா இரவு மாத்திரை சாப்பிட்டார்களா?" கடலுக்கு மேலிருந்து வந்த அந்த வரியை அவர் நமக்குக் காட்டினார். அதன் கீழே அவர் தட்டுத்தடுமாறி எழுதிய பதிலும் இருந்தது: "சாப்பிட்டாள். நீ தூங்கு."