கடவுள் மனுவும் கடலோடி மனுவும்

நமது இராமநாதபுரம் ஜில்லாக் கடலில் ஒரு கப்பல் வாய்க்கால் வெட்டுகிற சங்கதி 160 வருஷத்துக்கு மேலாகப் பேசப்பட்டு வருகிறது. வாய்க்கால் வெட்டி முடிக்கப்படவும் இல்லை. வேண்டாம் என்று யோக்கியமாய்த் தள்ளப்படவும் இல்லை. அதற்கென்று கடலில் கொட்டின பணம் மட்டும் திரும்பி வரவில்லை. இந்தக் காரியத்தில் நமது சர்க்கார்கள் - எந்தக் கட்சிச் சர்க்காராயிருந்தாலும் சரி - யாருடைய வார்த்தைக்குக் காது கொடுத்தன, யாருடைய வார்த்தைக்குக் காதை மூடிக்கொண்டன என்று பார்த்தால், இந்நாட்டு ராஜ்யபாரத்தின் யோக்கியதை அதிலேயே தெரிந்துவிடும். ஆகையால் இதைப் பற்றிச் சற்று விவரமாகவே எழுதுகின்றோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் ஆழமில்லை. மணல் தீடைகள் வரிசையாய்க் கிடக்கின்றன. பெரிய கப்பல் அதன் வழியே போக முடியாமல், தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போவதானாலும் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இதைத் தோண்டி வழி செய்யலாம் என்று 1860-ல் டெய்லர் என்ற வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரி யோசனை சொன்னார். சுயராஜ்யம் வந்த பிறகு 1955-ல் ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்குப் பின்னும் எத்தனையோ கமிட்டிகள். கடைசியாக 2005-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி மதுரையில் பிரதம மந்திரி மன்மோகன் சிங் வேலையை ஆரம்பித்து வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய் செலவு என்று சொன்னார்கள்.

அப்படி ஆரம்பிப்பதற்கு முன்னால் சட்டப்படி ஒரு சடங்கு உண்டு. 2004, 2005 வருஷங்களில் கடலோர ஜில்லாக்களில் பொது விசாரணைக் கூட்டம் போட்டார்கள். மீனவர்கள் வந்தார்கள், பேசினார்கள். "மண்ணைத் தோண்டி எங்கே கொட்டப் போகிறீர்கள்? கொட்டின இடத்தில் மீன் நிற்குமா? கப்பல் போகிற பாதையில் நாங்கள் வலை போடக்கூடாது என்பீர்களே, அப்போது எங்கள் கதி என்ன?" என்று கேட்டார்கள். இக்கேள்விகளில் ஏதாவது ஒன்று மூடத்தனமானதா? ஒவ்வொன்றும் அளந்து பார்த்துப் பதில் சொல்லத்தக்க கேள்வி. ஆனால் நடந்ததென்ன? 2005 மார்ச்சில் அனுமதி கொடுத்தாய்விட்டது. ஜூலையில் வேலை துவங்கியாய்விட்டது. கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகிறவன் சொன்ன வார்த்தை மூன்று மாத காலம்கூட அந்த வேலையைத் தள்ளிப்போட வைக்கவில்லை.

இது நிற்க, இரண்டாவது மனுவின் கதையைக் கேளுங்கள். அந்தத் தீடை மணல் திட்டல்ல, இராமர் குரங்குப் படையைக் கொண்டு கட்டின பாலம்; அதில் கை வைத்தால் பக்தர்கள் மனம் புண்படும் என்று சுப்பிரமணியன் சுவாமி முதலியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஆகஸ்டு 31-ந் தேதி, பாலம் என்று சொல்லப்படுவதற்குச் சேதம் வரக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. அதற்கு அடுத்த மாதம் சர்க்காரின் புதைபொருள் இலாகா ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. இராமாயணம் போன்ற நூல்களைச் சரித்திர ஆதாரமாக வைத்துக்கொண்டு அதில் வருகிறவர்கள் இருந்தார்கள் என்று நிரூபிக்க முடியாது என்பதே அதன் சாரம். பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளக்கூடிய இந்தச் சாதாரண உண்மையைச் சொன்னதற்காக டில்லியே கிடுகிடுத்துப் போய்விட்டது. செப்டம்பர் 14-ந் தேதி பத்திரம் வாபஸ்! அந்த இலாகாவின் அதிகாரிகள் இருவர் சஸ்பெண்டு! அதன்மேல், பாலத்தைத் தொடாமல் வேறு வழி உண்டா என்று பார்க்க 2008-ல் பச்சௌரி தலைமையில் ஒரு கமிட்டி. 2009-ல் தோண்டுகிற வேலை முழுவதும் நின்றது. பிறகு வேறு கட்சியின் சர்க்கார் வந்தது. 2018 மார்ச்சில் அது சுப்ரீம் கோர்ட்டில், தேச நன்மையை முன்னிட்டு அந்தப் பாலத்துக்குச் சேதம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது.

அந்தச் சர்க்கார்தானே, 2022 டிசம்பரில் ராஜ்யசபையில் ஒரு மெம்பர் கேட்ட கேள்விக்கு, அங்கே இருந்தது இன்னமாதிரியான கட்டடம் என்று திட்டமாய்ச் சொல்வது கஷ்டம் என்று பதில் சொன்னதும்! கோர்ட்டில் கேட்டால் பாலம். சபையில் கேட்டால் சந்தேகம். எங்காவது ஒரு மீனவன் தன் படகைப் பற்றி இரண்டு இடத்தில் இரண்டு விதமாய்ச் சொன்னால் அவன் லைசென்சு என்ன ஆகும்?

தோழர்களே! பாலம் என்கிறவர்களுடைய கணக்கையும் சற்று யோசித்துப் பாருங்கள். இராமர் பாலம் கட்டி 17 லட்சம் வருஷம் ஆயிற்று என்கிறார்கள். இன்றுள்ள மனித இனம் உலகத்தில் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகிறது என்று எலும்பைத் தோண்டி எடுத்து ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். மனிதன் பிறப்பதற்கு 14 லட்சம் வருஷத்துக்கு முன்னால் பாலம் கட்டினவர் யார்? அமெரிக்காவின் நாசா படம் பிடித்து நிரூபித்துவிட்டது என்றார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படம் அதை மனிதன் கட்டினதாகக் காட்டாது என்று நாசாக்காரர்களே சொல்லிவிட்டார்கள். தொட்டித் தண்ணீரில் கல் மிதக்கிறதே என்பார்கள். துளை நிறைந்து காற்றடைத்த கல் எந்தத் தொட்டியிலும் மிதக்கத்தான் செய்யும். அதற்கு இராமநாமம் எழுதவேண்டியதில்லை.

உண்மையான பாலம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதே, அதைப் பாருங்கள். 1914-ல் பாம்பனில் ரயில் பாலம் கட்டினார்கள். 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை ஊரோடு வாரிக்கொண்டு போயிற்று. ரயிலோடு பிரயாணிகளையும் விழுங்கிற்று. பாலத்தின் 126 கர்டர்களைப் பிடுங்கி எறிந்தது. இஞ்சினீயர் ஸ்ரீதரனும் தொழிலாளர்களும் 46 நாளில் அதைத் திரும்ப நிமிர்த்தினார்கள். அந்தப் பாலம் துருவேறித் தேய்ந்தபோது, இனி ஆகாது என்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் புதுப் பாலம் கட்டி, 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். அதற்கும் ஸ்ரீராமநவமி நாளாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்! மனிதன் கட்டின பாலத்தைச் சோதித்துப் பார்க்கலாம், குற்றம் சொல்லலாம், மாற்றிக் கட்டலாம். நம்பிக்கையால் கட்டின பாலத்தையோ சோதிக்கவே கூடாது என்கிறார்கள். சோதிக்கக் கூடாத ஒன்றை ராஜ்யபாரத்துக்கு நடுவில் நட்டுவைத்தால் மற்ற எந்தக் கேள்விக்கும் இடமில்லாமல் போய்விடும். அதுதான் நடந்தது.

இதுவரை எழுதினது நமக்குச் சுலபமான காரியம். இனி எழுதப் போவது அவ்வளவு சுலபமல்ல.

2007-ல் நமக்கு வயது இருபத்தைந்து. ஆத்திரம் அதிகம், படிப்பு கையில் அகப்பட்ட புஸ்தகம் மட்டும். இந்த ஜில்லாவில் ஊர் ஊராய்ப் போய், இராமர் எந்தக் காலேஜில் இஞ்சினீயரிங் படித்தார், அணிலுக்குக் கூலி எவ்வளவு என்றெல்லாம் கேட்டு, வாய்க்கால் வெட்டியே தீரவேண்டும் என்று பிரசங்கம் செய்தோம். ஜனங்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். கொஞ்ச நாளைக்கு முன் தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஒரு பெரியவரிடம் அந்தப் பழைய கதையை வீராப்பாய்ச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் நாட்டுப்படகுக்காரர். முழுவதும் கேட்டுவிட்டு, "தம்பி, அந்த மீட்டிங்குக்கு நானும் வந்திருந்தேன். சிரிச்சேன். ஆனா, வாய்க்கால் வெட்டினா வடகடல் சேறு தென்கடலுக்கு வருமா வராதான்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லலையே. அவுக இராமரைச் சொன்னாக. நீங்க இராமர் இல்லேன்னு சொன்னீக. எங்களை யாரு சொன்னா?" என்றார்.

நம்மிடத்தில் பதில் இல்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவர் சொன்னதில் உள்ள நியாயத்தை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். வைதீகன் வேண்டாம் என்கிறான், ஆகையால் வேண்டும் என்பது பகுத்தறிவல்ல; அது வைதீகத்தின் மறுபக்கம். எதிரி கிழக்கே பார்த்தால் நாம் மேற்கே பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் நம்முடைய கழுத்தைத் திருப்புகிறவன் எதிரியே அல்லவா? தீடையை இராமர் கட்டவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அதனாலேயே தீடையைத் தோண்டுவது லாபம் என்று ஆகிவிடுமா? முதலாவது சரித்திரக் கேள்வி. இரண்டாவது கப்பல், மணல், மீன், பணம் ஆகியவற்றின் கேள்வி. இரண்டையும் ஒன்றாய்க் குழப்பினவர்கள் வைதீகர்கள் மட்டுமல்ல. நாமும் குழப்பினோம்.

அந்த இரண்டாவது கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். 12 மீட்டர் ஆழத்தில் இன்றைய பெருங்கப்பல்கள் போக முடியாது. சிறுகப்பல்களும் நடுத்தரக் கப்பல்களும்தான் போகலாம். அவையும் வாய்க்காலில் மெதுவாகப் போகவேண்டும், சுங்கம் கட்டவேண்டும். அப்போது மிச்சமாகும் நேரம் எவ்வளவு, பணம் எவ்வளவு? வாடைக்காற்றும் கச்சானும் வருஷா வருஷம் மணலை அள்ளிக்கொண்டு வருகிற இடத்தில், தோண்டினது தூர்ந்து போகாமலிருக்க ஆண்டுதோறும் என்ன செலவு? அந்தச் செலவு யார் தலையில்? மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதன் பேரால், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிற ஏழைப் பெண்களைத் தீவுப் பக்கம் வராதே என்று விரட்டுகிறார்கள். பவளப்பாருக்குக் கெடுதலாம். நல்லது, பவளப்பார் இருந்தால்தான் மீன் இருக்கும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் ஒரு பெண்ணின் விரல் பட்டால் கெட்டுப்போகிற கடல், தூர்வாருகிற கப்பல் வந்து கலக்கினால் கெடாதா? இந்தக் கேள்வியை 2005-லும் ஒழுங்காய்க் கேட்கவில்லை, 2007-லும் கேட்கவில்லை. 2023 ஜனவரி 12-ந் தேதி சென்னைச் சட்டசபை, திட்டத்தை நிறைவேற்றவேண்டும் என்று ஒருமனதாய்த் தீர்மானம் போட்டபோதும் கடலோடியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கவில்லை.

இது இந்த ஒரு திட்டத்தோடு போகிற வியாதியும் அல்ல. 1974-ல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் எழுதினார்கள். 1976-ல் இந்தக் கரை மீனவன் அந்தக் கடலில் மீன் பிடிக்கக்கூடாது என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட மேஜைக்குப் பக்கத்தில் இராமேஸ்வரத்து மீனவனும் இல்லை, யாழ்ப்பாணத்து மீனவனும் இல்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறவர்கள் அந்த இருவர்தான்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். கடவுள் பேரால் வருகிற மனுவை, அது மனிதன் கைப்பட எழுதின மனு என்றே வைத்து, மற்ற மனுக்களைப்போல் ஆதாரம் கேட்கவேண்டும். ஆதாரமில்லாவிட்டால் தள்ளவேண்டும். கடலோடி கொடுக்கிற மனுவையும் அப்படியே ஆதாரத்தோடு சோதித்து, சரியாயிருந்தால் அதற்காக 2,427 கோடி என்ன, 20 ஆயிரம் கோடித் திட்டமானாலும் நிறுத்தவேண்டும். சோதித்துப் பார்த்து, வாய்க்காலால் லாபம்தான், கடலுக்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்தால், தாராளமாய் வெட்டட்டும். எந்தப் புராணமும் குறுக்கே படுக்க வேண்டாம். லாபமில்லை என்று தெரிந்தால், இராமருக்காக அல்ல, மீனுக்காகவும் மீனவனுக்காகவும் நிறுத்துகிறோம் என்று பகிரங்கமாய்ச் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். காரணத்தைப் பொய்யாகச் சொல்லி நிறுத்தின காரியம், நாளைக்கு அந்தப் பொய் மாறினதும் திரும்ப ஆரம்பிக்கும்.

இதை நாம் எழுதினோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். 2007-ல் நாம் பேசினதை அப்படித்தான் நம்பிக் கை தட்டினீர்கள். அடுத்த தடவை வாய்க்கால் என்று யார் மேடை ஏறினாலும் - காவித்துணிக்காரரானாலும் சரி, கறுப்புச் சட்டைக்காரரானாலும் சரி - கை தட்டுவதற்கு முன், அந்தத் தங்கச்சிமடத்துப் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லாதவரை மேடையை விட்டு இறங்க விடாதீர்கள்.