கறுப்பு பியரும் கருணாபுரமும்

ஸ்டவுட் என்று ஒரு பியர் இருக்கிறது. நல்ல கறுப்பு. பார்லியைக் கருக வறுத்துச் சேர்ப்பதால் வரும் நிறம் அது. பெங்களூரில் தாங்களே பியர் தயாரித்து விற்கும் 'மைக்ரோ புரூவரி' கடைகளில் கிடைக்கும். ஒரு பயிற்சிக்காக அங்கே போயிருந்தபோது நானும் குடித்துப் பார்த்தேன். முதலில் கசப்பு, பிறகு வறுத்த காப்பிக்கொட்டை வாசம், கடைசியில் நாக்கில் லேசாக அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகின் ருசி. நன்றாகவே இருந்தது.

என்னை யோசிக்க வைத்தது அதைச் சுற்றி நடந்த பேச்சு. எந்த மால்ட், எப்படி வறுத்தது, எந்த வடிவக் கிளாஸில் குடித்தால் மணம் நிற்கும் என்று பரிமாறியவர் பொறுமையாக விளக்கினார். பக்கத்து மேசைக்கு மூன்றாவது சுற்று போனது. அவர்களை யாரும் குடிகாரர்கள் என்று சொல்லவில்லை. ஒரு கிளாஸ் விலை, நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலியான 336 ரூபாயைவிட அதிகம்.

எங்கள் மீமிசல் பக்கம் இறால் பண்ணையில் பகல் முழுக்கச் சேற்றில் நின்றவர், சாயங்காலம் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்கி பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி ஒரே மூச்சில் விழுங்குகிறார். ருசி பார்க்க அதில் ஒன்றுமில்லை; உடம்புவலி மறந்தால் போதும். அவர் காலனிக்காரராக இருந்துவிட்டால் ஊர் உடனே தீர்ப்பு எழுதிவிடும்: "இந்தச் சனமே இப்படித்தான்." ஒருவர் குடித்தால் ரசனை, இன்னொருவர் குடித்தால் சாதிக்குணம்.

ரசனை என்பது பிறவியில் வருவதல்ல, வர்க்கம் தன்னை உயர்த்திக் காட்டப் பயன்படுத்தும் கருவி என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகவே காட்டினார். நமக்கு அதைப் புரிந்துகொள்ள பாரிஸ் போக வேண்டாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரத்தை விசாரிக்கப் போன அதிகாரிகள் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கண்டார்கள். உள்ளே இருந்தது ஒரே டீ. குவளைதான் வேறு.

ஸ்டவுட்டின் பூர்வீகம் இன்னும் வேடிக்கையானது. அதன் மூத்த வடிவத்துக்குப் பெயர் 'போர்ட்டர்'. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருவிலும் ஆற்றுத்துறையிலும் மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். அதிலேயே வீரியம் கூடியதுதான் ஸ்டவுட். சுமைகூலிகளின் பானம் இன்று சொகுசு மேசைக்கு ஏறிவிட்டது. மூட்டை தூக்குகிறவர் அந்த மேசைக்கு ஏறவில்லை.

நம் நாட்டிலும் உழைக்கிறவர்களின் பானம்தான் முதலில் குற்றமாகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு விவாதத்துக்கு வந்தபோது, அரிசி பியர் ஆதிவாசிகளின் வழிபாட்டோடும் வயல்வேலையோடும் கலந்தது என்று எதிர்த்துப் பேசினார் ஜெய்பால் சிங் முண்டா. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசே விற்கும் சாராய வகைகளுக்குத் தடையில்லை. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தப் பார்வை உயிர்களையும் எடை போடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். தலித்துகளும் தினக்கூலிகளும்தான் அதிகம். விஷம் எப்படி வந்தது, காவல்துறை எங்கே இருந்தது என்று கேட்பதற்கு முன்பே "குடித்துச் செத்தவனுக்கு எதற்கு நிவாரணம்?" என்று கேட்டார்கள். பெங்களூர் மதுக்கூடம் ஒன்றில் இது நடந்திருந்தால் அதே கேள்வி வந்திருக்குமா?

தோழர்களே, குடிக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. கூலிக்காசு வீடு வந்து சேராத இரவுகளையும், அடிவாங்கும் பெண்களையும் வேலையில் நான் அன்றாடம் பார்க்கிறேன். மதுவை எதிர்த்து நம் பெண்கள் நடத்தும் போராட்டம் நியாயமானது. அதோடு நிற்பது நம் கடமை. ஆனால் அவர்கள் எதிர்ப்பது குடியை. ஊர் இழிவுபடுத்துவது நம் மக்களை. இந்த இரண்டையும் ஒன்றாக்க விடக்கூடாது.

களஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "குடிப்பழக்கம் உண்டா?" என்ற கேள்வியைக் காலனியில் மட்டும் கேட்காதீர்கள். ஊர்த்தெருவிலும், நகரத்து அடுக்குமாடியிலும், ஸ்டவுட் பரிமாறும் மேசையிலும் அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். கேட்கத் தயக்கம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஜெய்பீம்.