டயருக்கும் அளவோடு காற்று

தீபாவளிச் சாமான் வாங்க ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிறீர்களா? குடும்பத்தோடு காரில் ஏறுமுன் நான்கு டயர்களையும் ஒரு முறை பாருங்கள்.

கார் எவ்வளவு பெரிதானாலும், ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது உள்ளங்கையளவு இடத்தில்தான். காற்று குறைந்தால் பாரம் இரு ஓரங்களில் விழும். டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். காற்று மிஞ்சினாலோ நடுப்பகுதியே அதிகம் தேயும்; பிடிப்பு குறையும்.

"அகல டயர் போட்டால் நல்ல பிடிப்பாச்சே!" என்பார்கள் இளைஞர்கள். காய்ந்த சாலையில் சரி. மழையிலோ அகல டயர் தண்ணீரை விலக்கத் திணறும். நீர்மேல் மிதந்து வழுக்கும். 2017இல் சிங்கப்பூர் இரவுப் பந்தயம் மழையில் தொடங்கியபோது, பந்தயக் கார்களே வழுவழு டயரை விட்டு, பள்ளம் வெட்டிய டயரோடு ஓடின. நம் கார் டயரில் அந்தப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும், சட்டமும் அதுவே.

டயர் குளிர்ந்திருக்கும் காலையில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக் காற்றடியுங்கள். ஆள் நிறைய ஏறினால் அதற்குரிய அளவையே பாருங்கள்.

1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்த கன்றுகளின் வழிவந்தவையே நம் பால்மரங்கள். நீங்கள் சீவிய பால் டயராகித் திரும்புகிறது. அது உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்!