புள்ளி வைக்கும் முன்

கோலம் போடுகிறவர் எடுத்த எடுப்பில் கோட்டை இழுப்பதில்லை. முதலில் புள்ளி வைக்கிறார். ஊடுபுள்ளி 15 முதல் 8 வரை என்று முடிவு செய்துவிட்டால், வாசலில் எவ்வளவு இடம் வேண்டும், என்ன உருவம் அதற்குள் அடங்கும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடுகிறது. கணினி விளையாட்டுகளுக்குப் பாத்திரம் வரைய முற்படும் நம் மாணவர்கள் இந்த முதற்பாடத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

திரையின் மிகச் சிறிய புள்ளியைப் பிக்சல் என்கிறோம். அப்புள்ளிகளைக் கட்டம் கட்டமாக நிரப்பி வரையும் பாத்திரத்தின் படமே ஸ்பிரைட். இதற்கும் கோலத்துக்கும் உள்ள உறவு என் கற்பனையன்று. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டிலேயே கோலங்களைக் கணினிப் பட இலக்கண வழியில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

நம்மவர் செய்யும் முதல் தவறு, பெரிதாக வரைவதே சிறப்பு என்று எண்ணுவது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாத்திரம் நான்கு திசையிலும் நடக்க வேண்டும். திசைக்கு நான்கு படம் என்றால் மொத்தம் 16 படங்கள். அகலம் 16, உயரம் 24 என்று கொண்டால் ஒரு படத்துக்கு 384 புள்ளிகள். 16 படங்களுக்கும் சேர்த்து 6,144. அதே பாத்திரத்தை 64க்கு 96 என்று வரைந்தால் ஒரே படத்துக்கு 6,144 புள்ளிகள் வேண்டும்! ஒருவரைப் பெரிதாக நிற்க வைக்கும் செலவில், சிறிதாக ஊர் முழுவதும் நடக்க வைத்துவிடலாம். பெரிய கட்டத்தில் தொடங்கும் தோழர்கள் பலருக்கு நாயகன் இரண்டடி வைப்பதற்குள் பருவத் தேர்வு வந்துவிடுகிறது. சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டுப் படிக்க உட்காருகிறவருக்கு ஒரு மாலைப் பொழுதின் அருமை தெரியும்.

திரையையும் எண்ண வேண்டும். 320க்கு 180 என்ற சிறு திரையில் விளையாட்டை அமைத்தால், அது சரியாக ஆறு மடங்காகப் பெருகி, இன்று பரவலாக உள்ள 1920க்கு 1080 திரையை நிரப்பும், புள்ளிகள் சிதையா. அந்தத் திரையில் 96 உயரமுள்ள ஆள் நின்றால் பாதிக்கு மேல் அவரே அடைத்துக்கொள்வார். அப்புறம் அவர் தாண்டிக் குதிக்க இடமேது?

சிறு கட்டத்தில் முகம் தெரியாதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆளை அடையாளம் காட்டுவது முகம் மட்டுமா? 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்காக மியாமோட்டோ மரியோவை உருவாக்கியபோது, வாய் வரைய இடமில்லாமல் மீசை வைத்தார். தலைமுடி வரையும் தொல்லைக்குத் தொப்பி போட்டார். இடம் போதாமையே ஓர் உருவத்தை உலகறியச் செய்தது. முகபாவம் கட்டாயம் வேண்டுமானால், உரையாடலின்போது மட்டும் பெரிய முகப் படம் ஒன்றைத் தனியாகக் காட்டலாம்.

இரண்டாவது தவறு, அளவையும் இரவல் வாங்குவது. இலவசமாகக் கிடைக்கும் படத்தொகுப்புகளில் வாளேந்திய வீரர்களே நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் 16க்கு 16இல் அடங்குகிறார்கள் என்பதற்காக நாமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டுமா? பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து வரும் பெண்மணியை அந்தச் சதுரத்தில் வரைந்து பாருங்கள். கூடைக்கு இடம் விட்டால் ஆள் குள்ளமாகிறார். ஆளுக்கு இடம் விட்டால் கூடை வெட்டுப்படுகிறது. மேலே எட்டுப் புள்ளி கூடுதலாகக் கொடுங்கள். கூடையும் நிமிர்ந்த கழுத்தும் வந்துவிடும். நான் 24 என்று சொல்வதன் காரணம் இதுவே. தரைக் கட்டம் 16க்கு 16ஆகவே இருக்கட்டும். பாதங்கள் அடிக்கோட்டில் பதியட்டும். தலைச்சுமை மேல்கட்டத்தில் ஏறி நிற்கட்டும். மஞ்சள் தலைக்கவசமணிந்த தொழிலாளி, தோளில் வலை போட்ட மீனவர், சாப்பாட்டுப் பையுடன் மின்சார ரயிலுக்கு ஓடும் மாணவி ஆகிய யாவரும் இதற்குள் அடங்குவர்.

கணினித் துறைப் பேராசிரியர்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நம் மாணவர்கள் விளையாட்டுகளைச் செய்கிறார்கள். ஒருவர் வரைந்தது இன்னொருவருக்கு உதவுவதில்லை. அளவு ஒத்துவராததே காரணம். இரு வேறு அளவில் வரைந்த உருவங்களை ஒரே திரையில் நிறுத்தினால், ஒருவருடைய புள்ளி அரிசியாகவும் மற்றவருடையது புளியங்கொட்டையாகவும் தெரியும். துறையே ஓர் அளவை நிர்ணயித்து, படங்களை ஆய்வகத்தில் சேர்த்துவைத்தால் என்ன? மூன்றாம் ஆண்டு மாணவர் வரைந்த மீன்காரம்மா, அடுத்த ஆண்டு மாணவரின் விளையாட்டிலும் நடப்பார். வகுப்புக்குப் பத்துப் பேர் ஆளுக்கொரு பாத்திரம் வரைந்தால், ஐந்தாண்டில் ஐம்பது பேர் சேர்வர். அது போதுமே, ஒரு சந்தையை நிரப்ப!

திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகள் உலகத்து வீரர்களையெல்லாம் விரல் நுனியில் ஓட்டுகிறார்கள். நம் தெரு மனிதர்கள் மட்டும் அந்தத் திரையில் இல்லை. அவர்கள் நுழைவதற்கு நம்மிடம் உயர்ந்த கருவிகள் இல்லை என்பது சாக்குப்போக்கு. 384 புள்ளிகள் இருக்கின்றன. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அளவுதான் இன்னும் இல்லை. வரும் பருவத்திலாவது அதை முடிவு செய்வோம்.