ஊசியைப் பூச்சாண்டி ஆக்கலாமா?

"ஒழுங்காகச் சாப்பிடு! இல்லாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்!"

வில்லியனூரிலும் பாகூரிலும் இந்த மிரட்டல் ஒலிக்காத வீடு உண்டோ? தாய்மார் சொல்கின்றனர், பாட்டிமார் சொல்கின்றனர், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் நாமும் சொல்கிறோம். குழந்தை ஒரு வாய்ச் சோறு உண்கிறது. சோற்றுடன் பயமும் சேர்ந்தே உள்ளே போகிறது.

ஒரு நாள் அதே குழந்தைக்கு ஆபரேஷன் தேவைப்படுகிறது. குடலிறக்கமோ, டான்சிலோ, மாறுகண்ணோ, உதட்டுப் பிளவோ, ஏதோ ஒன்று. பாகூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பயணம் செய்து எல்லைப்பிள்ளைச்சாவடி இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ அழைத்துச் செல்கிறோம். வயிறு காலி, இடம் புதிது, முகத்தை மூடிய புது மனிதர்கள். தாயின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிரிக்கும் நேரம் வருகிறது. பாவம், அந்தப் பிஞ்சு என்ன நினைக்கும்? இத்தனை நாள் சொல்லி மிரட்டிய ஊசி டாக்டர் மெய்யாகவே வந்துவிட்டார் என்றல்லவா நினைக்கும்!

"குழந்தை என்றால் அழத்தான் செய்யும், ஆபரேஷன் முடிந்தால் மறந்துவிடும்" என்பார் பலர். ஆனால் அந்தப் பயம் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. அமெரிக்காவில் டான்சில் ஆபரேஷன் செய்துகொண்ட 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளை மருத்துவர் சீவ் கெயின் குழுவினர் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆபரேஷனுக்கு முன் மிகவும் பயந்த குழந்தைகளுக்கு, பின்னர் வலியும் அதிகம், தூக்கக் கேடும் அதிகம் என்று கண்டனர். பயத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே எனலாம்.

பயத்தைப் போக்க நாம் வழக்கமாகக் கையாளும் வழி என்ன? பொய்! "போட்டோ எடுக்கப் போகிறோம்", "மாமா வீட்டுக்குப் போகிறோம்", "வலிக்கவே வலிக்காது" என்கிறோம். ஊசி குத்தியதும் குழந்தைக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அதன்பின் தாய் சொல்லும் ஆறுதலையும் அது நம்ப மறுக்கிறது.

மேலைநாடுகளும் இதை எளிதில் உணர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மருத்துவமனையிலிருந்த குழந்தையைத் தாய் விரும்பியபோது பார்க்க இயலாது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், ஆபரேஷனுக்காக எட்டு நாட்கள் தாயைப் பிரிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமியின் ஏக்கத்தைப் படமாக எடுத்துக் காட்டினார். 1959இல் அங்கு வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கவும் குழந்தைகளை முன்கூட்டியே தயார் செய்யவும் வலியுறுத்தியது. 1986இல் நியூயார்க்கில், சர்க்கஸ் கோமாளியான மைக்கேல் கிறிஸ்டென்சன் மருத்துவமனைக் குழந்தைகளைச் சிரிக்க வைப்பதற்கென்றே கோமாளிக் குழு ஒன்றைத் தொடங்கினார். நம் பக்கத்து ஆரோவில்லிலும் இத்தகைய கோமாளிகளுக்குப் பயிற்சி தர மெடிகிளவுன் அகாடமி தோன்றியது.

"நாம் ஏழைகள்; விலையுயர்ந்த பொம்மைகளுக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். நம் கிராமத்து விளையாட்டுகளுக்குக் காசு வேண்டாமே! மயக்க மருந்து தரும்போது முகத்தில் ஒரு முகமூடியை வைத்து மூச்சை இழுக்கச் சொல்வதுண்டு. அதைக் கண்டு மிரளாதிருக்க, ஒரு வாரம் முன்பே வீட்டில் மூச்சு விளையாட்டு ஆடலாம். பூவரசு இலையில் பீப்பி ஊதலாம். பனையோலைக் காற்றாடியை ஊதிச் சுழற்றலாம். சோப்பு நுரையில் குமிழி விடலாம். காகிதக் குவளையைப் பொம்மையின் வாயில் வைத்துக் குழந்தையையே டாக்டராக்கலாம். அரங்கின் வெளியே காத்திருக்கையில் விடுகதை போடலாம். உள்ளங்கையில் 'நண்டூருது' காட்டலாம்.

விளையாட்டோடு உண்மையையும் சொல்ல வேண்டும். "டாக்டர் உனக்கு ஒரு தூக்க மருந்து தருவார். அது இரவுத் தூக்கம் போன்றதன்று; அதில் வலி தெரியாது. எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும். அதற்கும் மருந்து உண்டு. அம்மா வந்துவிடுவேன்." இவ்வளவு போதும்.

பசிக்கிறது என்று அழும் குழந்தைக்கு இரக்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் கொடுப்போர் உண்டு. இது பேராபத்து! மயக்கத்தில் வாந்தி வந்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டியது விளையாட்டே. ஆயினும் விளையாட்டு மருந்துக்கு மாற்றாகாது. பயம் குறைய மருத்துவர் மருந்து தந்தால் அதையும் ஏற்க வேண்டும்.

பிள்ளைக்கு நோய் என்றால் வில்லியனூர் மாதாவிடம் நேர்ந்து மெழுகுவத்தி ஏற்றுகிறோம். நல்லதே. குழந்தைகளைத் தடுத்த சீடர்களைக் கடிந்து, அவர்களை அணைத்து ஆசி வழங்கிய இயேசுவை வணங்கும் நாம், செபத்தோடு நம் கைகளையும் தர வேண்டாமா? தையல் வகுப்பில் துவைக்கக்கூடிய துணிப் பொம்மைகள் செய்து, அருட்சகோதரிகள் வழியாக, மருத்துவமனையின் அனுமதியோடு குழந்தைகள் பிரிவுக்கு அளிக்கலாமே!

பெற்றோரே, தோழியரே! இன்று இரவு தம்பி சோறு உண்ண மறுத்தால் நிலாவைக் காட்டுவோம்; கதை சொல்லுவோம். ஊசியைக் காட்டி மிரட்டுவதை இன்றோடு விட்டொழிப்போம். டாக்டர் மாமாவும் நர்ஸ் அக்காவும் நோய் தீர்க்க வந்த நண்பர்கள் என்று குழந்தை நம்பட்டும்!