தாய்ப்பலகையின் தெரிவு

வன்னி மாணவர் சிலர் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கிக் கணினியைத் தம் கையாலேயே இணைக்கின்றனர். நன்முயற்சியே. ஆயின், வண்ண விளக்குக்களைக் கண்டு தாய்ப்பலகையைத் தெரிதல் பேதைமை என்போம்.

பலகையின் ஆயுள் பெரிதும் அதிலுள்ள சிறு கொள்ளளவிகளிலேயே தங்கியுள்ளது. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், குறைபாடுடைய மின்பகுதிரவத்தால் உலகெங்கும் பற்பல பலகைகளில் அவை வீங்கி உடைந்தன. திரவவகைக் கொள்ளளவியின் வெப்பம் 10 பாகை ஏறின் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 35 பாகையை எட்டும் கிளிநொச்சிக் கோடையில் இஃது அற்பமன்று. ஆதலின் திண்மவகைக் கொள்ளளவிகளும், நுண்செயலிக்கு மின்னூட்டும் பகுதியின்மேல் வெப்பமகற்றும் தகடும் உள்ள பலகையையே நாடுக. உத்தரவாதத்தை வவுனியாவிலேயே பெறலாமா, அன்றிக் கொழும்புக்கு அலையவேண்டுமா என்பதையும் முன்னரே கேட்டறிக. பேருந்துச் செலவும் விலையின் பங்கன்றோ! மலிவான மின்வழங்கியோ எத்துணை நல்ல பலகையையும் கெடுத்துவிடும். ஐப்பசி இடிமுழக்கத்தில் செருகியைக் கழற்றிவிடுதலே தக்க காப்பு.

கடல்கடந்த பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். தாங்கள் கழித்த பெட்டிகளைக் கல்லூரிக்கு அனுப்பும் கப்பற்கூலிக்கு நல்ல பலகைகள் சிலவற்றை வாங்கித் தருக. இணைக்கும் வேலையை இங்குள்ள மாணவரே பார்த்துக்கொள்வர்.